பாராடாங் குகையும் அதற்குப் போகும் பாதையும்

அந்தமான் சுற்றுலா என்பது ஒரு காலத்தில் அரசு ஊழியர்களுக்கு மட்டும் எட்டிய ஒன்றாக இருந்தது. விடுமுறைப் பயணச் சலுகையில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் தள்ளாடிப் போய்ச் சேர்வார்கள். இன்று நிலைமை அப்படியில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமான விமானப் பயணம் போதும். நம் பங்குகளிலிருந்தும் குடும்பங்களாகவும் குழுக்களாகவும் பலர் போய் வருகின்றனர். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, ஹேவ்லாக் கடற்கரை என்று அவர்கள் பார்த்துவரும் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது பாராடாங் தீவிலுள்ள சுண்ணாம்புக் குகை. இயற்கையின் கொடையை ஒரு தீவு மக்கள் தங்கள் வாழ்வாதாரமாக மாற்றிக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று இதைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் குகைக்குப் போகும் பாதை யாருடைய வீட்டு முற்றத்தின் வழியாகப் போகிறது என்பதையும் சேர்த்தே நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

முதலில் குகையைப் பற்றிச் சிறிது பார்ப்போம். தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்திருக்கிறது பாராடாங். 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். பயணிகளை விடியுமுன்பே எழுப்பி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஜிர்காடாங் என்னும் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, குறித்த நேரத்தில் காவலர் பாதுகாப்புடன் அணிவகுப்பாகக் காட்டுக்குள் விடப்படும். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காட்டுப் பாதை. அதன் முடிவில் நடு நீரிணை. அங்கே பயணிகளையும் பேருந்துகளையும் சேர்த்துச் சுமக்கும் பெரிய படகில் ஏறி மறுகரையான நிலம்பூர் துறைக்குச் செல்ல வேண்டும். பின்பு சிறிய விசைப் படகில் ஏறி, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே குறுகிக்கொண்டே போகும் ஓடை வழியாக நயாடேரா என்னும் இடத்தில் இறங்கி, வயல்களையும் மரங்களையும் கடந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடந்தால் குகையின் வாயில்.

உள்ளே இருட்டு. கைவிளக்கு ஒளியில்தான் எல்லாம் தெரியும். மேலிருந்து தொங்கும் கல்விழுதுகள், கீழிருந்து எழும் கல்முளைகள், மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை போன்ற பாறைகள். கடலடியில் சிப்பிகளும் பவளங்களும் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை நிலத்தின் அசைவால் மேலெழுந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி அந்தப் பாறையைச் சிறிது சிறிதாக அரித்துக் குகையாக்கியது. அப்படிக் கரைந்த சுண்ணாம்பே கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடி படிந்து விழுதாகிறது. ஒரு விரல் நீளம் வளர்வதற்கு ஒரு மனித வாழ்நாள் போதாது, பல தலைமுறைகள் தேவைப்படும். அதை ஒருவர் ஆசையாகத் தடவிப் பார்த்தால், கையிலுள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது தடைபட்டுவிடும். கூட்டமாக நின்று விடும் மூச்சுக்காற்றும் குகையைப் பாதிக்கும். பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையில் பார்வையாளர்களின் மூச்சால் பழங்கால ஓவியங்கள் கெடத் தொடங்கியதால்தான் 1963ஆம் ஆண்டு அதைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள்.

ஆயினும் பாராடாங்கில் நாம் முதலில் கவலைப்பட வேண்டியது கற்களைப் பற்றியன்று.

அந்த 50 கிலோமீட்டர் காடு ஜாரவா பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. 1956ஆம் ஆண்டின் தொல்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளியார் எவரும் அனுமதியின்றி அங்கே நுழையக்கூடாது. அந்த நிலத்தை ஊடறுத்துக்கொண்டுதான் அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. 1970களில் சாலைப்பணி நடந்தபோது ஜாரவா மக்கள் அம்பெய்து எதிர்த்தார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், வேலை இடையில் நின்றும் போனது. பின்னர் பாதுகாப்புடன் தொடர்ந்து முடிக்கப்பட்டது. தங்கள் காட்டில் சாலை வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மக்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

1997ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஜாரவா மக்கள் வில்லம்பின்றித் தாங்களாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். நட்பு மலர்ந்தது என்று அப்போது எல்லாரும் மகிழ்ந்தோம். 1999ஆம் ஆண்டு அவர்களிடையே அம்மை பரவியது. வெளியுலகக் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் இல்லாத சிறு கூட்டத்திற்கு இது எத்தகைய ஆபத்து என்பதற்கு அதே தீவுக்கூட்டத்தில் ஓர் எச்சரிக்கை கண்முன் இருக்கிறது. 1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது பேரந்தமானியர் சில ஆயிரம் பேராக இருந்தார்கள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 44 பேர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010ஆம் ஆண்டு சனவரியில் இறந்தபோது அம்மொழியும் அவரோடு போய்விட்டது. ஜாரவா மக்களோ 2001இல் 240 பேராகவும் 2011இல் 380 பேராகவும் கணக்கிடப்பட்டார்கள். எண்ணிக்கை கூடியிருப்பது ஆறுதலான செய்தி. தங்கள் காடும் தங்கள் வாழ்முறையும் ஓரளவு கையில் இருந்ததால்தான் கூடியது என்பதை மறந்துவிடலாகாது.

இந்த நிலையில்தான் குகைச் சுற்றுலா வளர்ந்தது. வெளியே சொல்வது குகையும் சேற்று எரிமலையும். உள்ளே கிசுகிசுப்பது, வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாம் என்பது. பயண முகவர்கள் சிலர் ஒரு காலத்தில் இதை வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். வண்டி சன்னலிலிருந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும் வீசப்பட்டன. 2012ஆம் ஆண்டு சனவரியில் ஓர் ஆங்கிலேய நாளேடு வெளியிட்ட காணொளியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. நாடே வெட்கப்பட்டது. சில வாரங்கள்தான் வெட்கப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, 2002ஆம் ஆண்டு மே மாதமே, ஜாரவா ஒதுக்கீட்டு நிலத்தின் வழியாகச் செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2007இல் ஒதுக்கீட்டு நிலத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரத்திற்குச் சுற்றுலாத் தொழில் கூடாது என்று தீவு நிர்வாகமே அறிவித்தது. இதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில் 2013 சனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் செல்லத் தற்காலிகத் தடை விதித்தது. குகை வெறிச்சோடியது. ஆனால் மார்ச் மாதத்திலேயே, நிர்வாகம் தன் அறிவிப்பைத் திருத்திக்கொண்டதை அடுத்து, தடை விலகியது. வண்டிகள் மறுபடி அணிவகுத்தன. மாற்றாகக் கடல்வழி திறக்கப்படும் என்று நிர்வாகம் தந்த உறுதிமொழியின்படி 2017ஆம் ஆண்டு படகுப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான பயணிகள் இன்றும் சாலை வழியாகவே போகின்றனர். வேகக் கட்டுப்பாடு உண்டு, வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது என்ற விதிகள் உண்டு. விதிகள் முன்பைவிட நன்றாகவே கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒருவர் வாழும் இடத்தின் நடுவே தினமும் நூற்றுக்கணக்கான அந்நியர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போவது, எத்தனை விதிகளோடு நடந்தாலும், சங்கடமான காரியந்தான்.

இப்படிச் சொல்லும்போது சிலர் உடனே கேட்பார்கள்: அப்படியானால் பாராடாங் மக்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? நியாயமான கேள்வி. இங்கேதான் நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு வருகிறது.

பாராடாங்கில் கணிசமாக வாழ்பவர்கள் ராஞ்சிக்காரர்கள் என்று அழைக்கப்படும் மக்கள். சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தைச் சேர்ந்த ஒராவோன், முண்டா, காரியா பழங்குடியினர். 1918ஆம் ஆண்டு முதல், ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியாகவே காட்டு வேலைக்காக இவர்கள் அந்தமானுக்கு அழைத்துவரப்பட்டார்கள். மரம் வெட்டினார்கள், வெட்டிய மரங்களை இழுத்தார்கள், பாதை போட்டார்கள். பஞ்சத்திலிருந்தும் கடனிலிருந்தும் அவர்களுக்கு ஒரு வழி திறக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அன்றைய மறைப்பணியாளர்கள் இதைச் செய்தார்கள். அந்த மக்களின் நம்பிக்கையின்மேல்தான் தீவுகளின் கத்தோலிக்கத் திருச்சபை பெரிதும் கட்டப்பட்டிருக்கிறது. 1984இல் போர்ட் பிளேர் மறைமாவட்டம் உருவானபோது அதன் இறைமக்களில் பெரும் பகுதியினர் இவர்களே. அதே வேளையில், அவர்கள் கையிலிருந்த கோடரி விழுந்தது ஜாரவா மக்களின் காட்டில் என்பதும் அந்த வரலாற்றின் மறுபக்கம். ஏழைகளைக் கொண்டு மற்றோர் ஏழை மக்களின் காடு அழிக்கப்பட்டது. இலாபமோ இருவருக்கும் போகவில்லை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். சொந்த மண்ணில் பழங்குடியினராக அங்கீகரிக்கப்படும் இந்த மக்கள் அந்தமானில் பட்டியல் பழங்குடியினர் அல்லர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், பலருக்குக் குடியிருக்கும் நிலத்திற்குப் பட்டா இல்லை. வனத்துறையின் மரவேலை சுருங்கிய பிறகு, குகைக்குப் படகோட்டுவதும், வழிகாட்டுவதும், எலுமிச்சைச் சாறும் இளநீரும் விற்பதும்தான் தீவுவாசிகள் பலருக்குக் கையில் காசு பார்க்கும் வழியாயிற்று. 2013இல் அந்த ஏழு வாரத் தடையின்போது அடுப்பெரியாமல் போனது யாருடைய வீட்டில் என்று யோசித்துப் பார்த்தால், நாம் இங்கே அமர்ந்துகொண்டு "மூடிவிடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

எனவே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. குகை வேறு, சாலை வேறு. அதுபோலத் தீவுவாசியின் பயணம் வேறு, சுற்றுலாப் பயணியின் பயணம் வேறு. நடு அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் வாழ்கிறவர்களுக்குப் பெரிய மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம் எல்லாம் தெற்கேதான் இருக்கின்றன. பிரசவ வலியோடு வரும் பெண்ணைக் கடல் சீற்றத்தில் படகில் ஏற்று என்று சொல்வது மனிதத்தன்மையன்று. ஆனால் விடுமுறைக்கு வந்த பயணிக்கு அத்தகைய அவசரம் எதுவும் கிடையாது. அவர் கடல்வழியாகப் போகலாம், நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நேரம் கூடுவது பாராடாங்குக்கு நல்லதென்றே நமக்குத் தோன்றுகிறது. இப்போதைய ஏற்பாட்டைக் கவனியுங்கள். நகரத்து முகவர் வண்டி அனுப்புகிறார். பயணி விடியுமுன் புறப்பட்டு, சாவடியில் சிற்றுண்டி உண்டு, குகையில் அரை மணி நேரம் நின்று, மாலைக்குள் நகரத்துக்கே திரும்பிவிடுகிறார். தங்கும் பணமும் இரவு உணவுப் பணமும் நகரத்தில்தான் செலவாகின்றன. பாராடாங்கில் விழுவது படகுக் கூலியும் இளநீர்க் காசும் மட்டுமே. கடல்வழியாக வருகிறவர் ஓர் இரவேனும் தங்க வேண்டியிருக்கும். தங்கினால் அறை வேண்டும், சோறு வேண்டும், மறுநாள் காலையில் அலையாத்திக் காட்டைக் காட்டுவதற்கு ஆள் வேண்டும். குறைந்த பயணிகளிடமிருந்து அதிக வருமானம் ஊருக்குள் வரும். குகைக்குள் நெரிசலும் குறையும். ஓடையில் விசைப்படகுகள் எழுப்பும் அலை அலையாத்தி வேர்களின் மண்ணை அரிப்பதும் குறையும். இதற்குப் போதிய படகுகளை அரசு விட வேண்டும், அதுவும் குறித்த நேரத்தில் விட வேண்டும். பெயருக்கு ஒரு படகை விட்டுவிட்டு, கடல்வழியை யாரும் விரும்பவில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

இது நடக்காத கனவு என்று நினைக்க வேண்டாம். பிலிப்பீன்சு நாட்டின் பலவான் தீவில் புவெர்த்தோ பிரின்செசா நிலத்தடி ஆறு இருக்கிறது. சுண்ணாம்பு மலைக்கு அடியில் எட்டு கிலோமீட்டருக்கும் மேலாக ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. 1999இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. நகர நிர்வாகமே அதை நடத்துகிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டுக்கு வரம்பு உண்டு. குகைக்குள் இயந்திரப் படகு கிடையாது, துடுப்புப் படகுதான். ஆற்றின் ஒரு பகுதிவரைதான் பயணிகள் போக முடியும். மீதி இருட்டு வௌவால்களுக்கும் உழவாரன் பறவைகளுக்கும் உரியது. தென்கொரியாவின் ஜேஜு தீவிலோ இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்குள்ள எரிமலைக் குழம்புக் குகைகளில் மஞ்சாங்குல் என்னும் குகையின் ஒரு கிலோமீட்டரை மட்டும் மக்களுக்குத் திறந்தார்கள். 2005இல் மின்கம்பம் நடும் வேலையின்போது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட யோங்சியோன் குகை மற்றெல்லாவற்றையும்விட அழகானது என்கிறார்கள். அதைச் சுற்றுலாவுக்குத் திறக்கவேயில்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன், அந்தமானிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வடக்கு அந்தமானில் திக்லிபூர் அருகே சாலிஸ் ஏக் என்னுமிடத்தில் சுண்ணாம்புக் குகைகள் பல உள்ளன. அங்கே தன் உமிழ்நீரைக் கொண்டே கூடு கட்டும் உழவாரன் பறவைகள் வாழ்கின்றன. அந்தக் கூட்டைச் சூப்பாக்கிக் குடிக்கக் கிழக்காசிய நாடுகளில் பெரும் விலை கொடுப்பார்கள். திருட்டுத்தனமாகக் கூடு எடுப்போரால் பறவைகள் அழியும் நிலை வந்தது. கோயம்புத்தூர் ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த அறிவியலாளர் ரவி சங்கரன் இதை ஆராய்ந்தார். கூடு எடுத்துப் பிழைத்தவர்களைச் சிறையில் தள்ளச் சொல்லவில்லை அவர். அவர்களையே குகைக்குக் காவலர்களாக்கினார். குஞ்சுகள் பறந்துபோன பின் கூட்டை எடுத்தால் பறவைக்கும் கேடில்லை, மனிதருக்கும் வருமானம் என்பது அவருடைய திட்டம். வனத்துறையும் ஒத்துழைத்தது. காவல் இருந்த குகைகளில் பறவைகள் பெருகின. அவர் 2009ஆம் ஆண்டு இளவயதிலேயே காலமானார். பாராடாங் படகோட்டிகளை எதிரிகளாகப் பார்க்காமல், குகைக்கும் ஓடைக்கும் காவலர்களாகப் பார்க்க அந்த அனுபவம் நமக்கு வழிகாட்டுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலின் 146ஆம் பத்தியில், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் எந்தப் பெரிய திட்டத்திலும் அவர்களோடுதான் முதலில் பேச வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். 2025 சனவரியில் ஜிர்காடாங்கிலேயே 19 ஜாரவா மக்களுக்கு வாக்காளர் அட்டை வழங்கப்பட்டது. அரசின் கணக்கில் அவர்கள் இப்போது கருத்துச் சொல்லத் தகுதி பெற்ற குடிமக்கள். சாலையைப் பற்றி அவர்களிடம் கேட்கலாம் அல்லவா? அவர்களுடைய மொழியைப் புரிந்துகொண்டவர்களும் நலவாழ்வுப் பணியாளர்களிடையே இருக்கிறார்கள். குகையைப் பார்க்க வருகிறவர்கள் உங்கள் காட்டின் வழியே வரலாமா என்ற கேள்வியைக் கேட்க இனி எந்தத் தடையும் இல்லை.

ஒரு சிறு செய்தியையும் கவனத்தில் கொள்வோம். திங்கட்கிழமைகளில் பாராடாங் குகைக்குப் பயணிகளை விடுவதில்லை. அன்றைக்கு எந்தப் பயண முகவரும் நட்டப்பட்டதாக முறையிடுவதில்லை. மற்ற ஆறு நாளுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள். படகு வசதி முழுமையாக வரும்வரை அந்த ஒரு நாளை இரண்டாக்கலாம், பிறகு மூன்றாக்கலாம். இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை, போர்ட் பிளேரிலுள்ள நிர்வாகத்தின் ஓர் அறிவிப்பே போதும். அதுவரை, பயணத்துக்குப் பதிவு செய்யும் நம்மவர்கள் முகவரிடம் கடல்வழிப் படகு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர்கள் கூடினால்தான் படகுகளும் கூடும்.